ஒத்து வாழும் கடல் மீன்கள்: வீட்டுப் பவளப்பாறைத் தொட்டிக்கு ஒரு வழிகாட்டி

கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவிலும், கடல் மட்டத்திற்கு மேல் 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்திலும் அமைந்துள்ளது பெங்களூர் நகரம். எனினும் இங்குக் கடல் மீன்களை வீட்டிலும் பள்ளியிலும் கண்ணாடித் தொட்டிகளில் வளர்ப்போர் பலர் உள்ளனர். தொட்டி, விளக்கு, உப்பு, மீன் ஆகிய யாவும் நகரக் கடைகளில் கிடைக்கின்றன. தொட்டி அமைத்த சில மாதங்களுக்குள் மீன்களுள் பாதி மடிந்துபோவதும், எஞ்சியவற்றுள் ஒன்று மற்றவற்றை ஒரு மூலையில் ஒடுக்கி வைத்திருப்பதும் பலரும் கண்ட காட்சியாகும். நீர் கெட்டமையே இதற்குக் காரணம் என்று எண்ணுவது வழக்கம். பல வேளைகளில் நீர் நன்றாகவே இருக்கும். ஒன்றோடொன்று ஒத்து வாழ இயலாத மீன்களை ஒரே இடத்தில் அடைத்ததே கேட்டிற்கு மூலமாயிருக்கும்.

இக்கட்டுரை, பொதுமக்கள் மீன் வளர்ப்பைப் பற்றி யோசனை கேட்கும்போது விடையளிக்க வேண்டிய களப் பணியாளர்களுக்கும், பள்ளி ஆய்வுக்கூடத்தில் தொட்டி வைக்க விரும்பும் ஆசிரியர்களுக்கும் உதவும் நோக்கத்துடன் எழுதப்படுகிறது. இதன் மையக் கருத்து ஒன்றே: மீன்களை நிறம் பார்த்துத் தேர்ந்தெடுத்தல் கூடாது, பவளப்பாறையில் ஒவ்வொரு மீனும் எங்கே வாழ்கிறது, எதைத் தின்கிறது, எதைக் காக்கிறது என்பவற்றை அறிந்து தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

கடலும் தொட்டியும்

சென்னைக் கடற்கரையில் 1909 ஆம் ஆண்டில் மீன்காட்சிசாலை நிறுவப்பட்டபோது கடல்நீர் அதன் வாயிலிலேயே இருந்தது. பெங்களூரின் நிலை அவ்வாறன்று. இங்கு நன்னீரில் உப்புக் கலந்து கடல்நீரை ஆக்கிக்கொள்ள வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவை சமையல் உப்பு மட்டுமல்ல. மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியவற்றின் உப்புகளும் அவற்றுள் அடங்கும். ஆகவே இதற்கென ஆக்கப்பட்ட உப்புக் கலவையையே பயன்படுத்துதல் வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினத்தன்மை மிக்கது, ஆர்.ஓ. முறையில் வடிகட்டிய நீரே ஏற்றது. 120 சென்டிமீட்டர் நீளமும், 50 சென்டிமீட்டர் அகலமும், 50 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தொட்டி 300 லிட்டர் கொள்ளும். அதனை நிரப்பப் பத்துக் கிலோகிராமுக்கு மேற்பட்ட உப்புத் தேவைப்படும்.

பெங்களூரின் உயரமும் கவனிக்கத்தக்கது. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அதற்கேற்ப நீரில் கரையும் பிராணவாயுவின் அளவும் குறைகிறது. கடல் மட்டத்தில் 27 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள கடல்நீர், லிட்டருக்கு ஏறத்தாழ 6.5 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும். அதே நீர் பெங்களூரில் 6 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகவே கொள்ளும். பத்தில் ஒரு பங்கு குறைவு என்பது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் மீன்கள் நெருக்கமாயிருக்கும் தொட்டியில், கோடைக்கால இரவில், மின்சாரமும் நின்றுபோனால், உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடு அதுவே. கடற்கரை ஊர்களைக் கருதி எழுதப்பட்ட நூல்கள் கூறும் மீன் எண்ணிக்கையை இங்கு அப்படியே கொள்ளாமல் சற்றுக் குறைத்தே கொள்ளுதல் நலம். மின்கலத்தால் இயங்கும் காற்றுக் குழாய் ஒன்றும் தொட்டியின் அருகில் எப்போதும் இருத்தல் வேண்டும்.

பவளப்பாறை மீன்களுக்கு 25 முதல் 28 டிகிரி வரையுள்ள உஷ்ணநிலை ஏற்றது. பெங்களூரில் மார்கழி, தை மாதங்களின் இரவுகளில் வெப்பம் 15 டிகிரியளவுக்கு இறங்குகிறது. ஏப்ரல் மாதப் பிற்பகல்களில் 34 டிகிரியையும் கடக்கிறது. ஆகவே நீரைச் சூடாக்கும் கருவியும், நீர்ப்பரப்பின் மேல் வீசும் சிறு மின்விசிறியும் ஆகிய இரண்டும் தேவை.

இவற்றையெல்லாம்விடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. கடலில் துரத்தப்படும் மீன் சில மீட்டர் தூரம் ஓடிப் பாறைக்குப் பின்னால் மறைந்தால் சண்டை முடிந்துவிடுகிறது. துரத்திய மீன் தன் இடத்திற்குத் திரும்பிவிடுகிறது. தொட்டியிலோ தப்பியோடும் மீன் கண்ணாடியில் முட்டி நிற்கிறது. அது இன்னும் தன் எல்லைக்குள்ளேயே நிற்பதாகத் துரத்தும் மீனுக்குத் தோன்றுவதால், தாக்குதல் ஓய்வதில்லை. கடலில் சில நொடிகளில் முடியும் பூசல், தொட்டியில் ஒரு மீன் சாகும்வரை நீடிப்பது இதனால்தான்.

சண்டை ஏன் உண்டாகிறது?

ஆஸ்திரிய நாட்டு விஞ்ஞானி கான்ராட் லோரன்ஸ், 1963 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், பவளப்பாறை மீன்களின் பளிச்சிடும் நிறங்களை ஆராய்ந்தார். அந்நிறங்கள் விளம்பரப் பலகை போன்றவை என்றும், "இவ்விடம் எனக்குரியது" என்பதைத் தன் இனத்தைச் சேர்ந்த மற்ற மீனுக்கு அறிவிப்பவை என்றும் அவர் விளக்கினார். ஓர் இனத்தைச் சேர்ந்த இரு மீன்கள் ஒரே உணவையும் ஒரே வகைப் பொந்தையும் நாடுகின்றன. எனவே ஒன்றுக்கு மற்றதே முதற் போட்டியாளர். பின்னர் நடந்த ஆய்வுகள் இக்கருத்தை ஓரளவு திருத்தின. பாறையில் பாசிப் பரப்பைக் காக்கும் மீன்கள், தம் இனத்தை மட்டுமன்றிப் பாசி தின்னும் வேற்றின மீன்களையும் விரட்டுகின்றன. பாசியை நாடாத மீன்கள் அருகில் வந்தாலும் பெரும்பாலும் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே போட்டி நிறத்தால் மட்டும் எழுவதன்று. தேவை ஒன்றாயிருக்கும் இடத்தில் எழுவது.

தொட்டிக்கு மீன் தேர்வோர் இதிலிருந்து நான்கு விதிகளைக் கொள்ளலாம்.

ஒன்று: ஓர் இனத்தில் ஒரு மீன், அல்லது இணை சேர்ந்த இரண்டு மீன்கள் மட்டுமே வைத்தல் வேண்டும்.

இரண்டு: உருவத்திலும் நிறத்திலும் ஒன்றையொன்று ஒத்த வேற்றின மீன்களையும் ஓரினம் போலவே கருதுதல் வேண்டும்.

மூன்று: ஒரே உணவையோ ஒரே வகை மறைவிடத்தையோ நாடும் இரண்டு மீன்களைச் சிறு தொட்டியில் சேர்த்தல் கூடாது.

நான்கு: ஒரு மீனின் வாய்க்குள் அடங்கும் அளவுள்ள மற்றொரு மீனை அதனுடன் விடுதல் கூடாது. சாதுவாகத் தோன்றும் மீனும் வாய்க்கு அடங்குவதை இரை என்றே கருதும்.

இடமும் தொழிலும் பார்த்துத் தேர்தல்

மேற்கூறிய 300 லிட்டர் தொட்டியில் பாறையும் மணலும் இட்டபின் நீரின் அளவு 250 லிட்டர் வரை இருக்கும். இதில் ஆறு சிறு மீன்கள் அமைதியாக வாழலாம். அவற்றுக்கு ஓர் எடுத்துக்காட்டு வருமாறு.

முதலாவது, மணற்பரப்பில் வாழும் உளுவை இனத்து மீன் ஒன்று. உளுவைகளுள் சில, மணலில் வளை தோண்டும் ஒருவகை இறாலுடன் கூட்டு வாழ்க்கை நடத்துகின்றன. இறாலுக்குக் கண்பார்வை மிகக் குறைவு. தோண்டுவதே அதன் வேலை. உளுவை வளையின் வாயிலில் காவல் இருக்கும். இறால் வெளியே வரும்போது தன் நீண்ட உணர்கொம்பால் மீனைத் தொட்டுக்கொண்டே இருக்கும். ஆபத்து நெருங்கினால் மீன் வாலை அசைக்கும். உடனே இரண்டும் வளைக்குள் மறையும். ஓருயிர் மற்றோர் உயிருக்குத் துணையாவதை மாணவர்களுக்குக் காட்ட இதனினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது. உளுவை தன் வளையைச் சூழ்ந்த சிறு வட்டத்தை மட்டுமே காப்பதால் மற்ற மீன்களுக்குத் தொல்லை தருவதில்லை.

இரண்டாவது, பாறையின்மேல் அமர்ந்து பாசியைச் சுரண்டித் தின்னும் சலாரியஸ் பேரினத்து மீன் ஒன்று. இது நீரில் நீந்தித் திரிவதைவிடப் பாறை முகட்டில் உட்கார்ந்திருப்பதையே விரும்பும். புதிய தொட்டியில் பாசி போதாதாகையால், பாசி வளர்ந்த பின்னரே இதனை விடுதல் வேண்டும். உலர்ந்த கடற்பாசியும் உணவாக இடலாம். இவ்வகையில் இரண்டை ஒருபோதும் சேர்த்து விடக்கூடாது.

மூன்றாவதும் நான்காவதும், இந்தோனேசியாவின் பாங்காய்த் தீவுகளைத் தாயகமாகக் கொண்ட கார்டினல் மீன் இணை. வெள்ளி நிற உடலில் கருங்கோடுகள் கொண்ட இம்மீன், பெரும்பாலும் பாறை நிழலில் அசையாது நிற்கும். சுறுசுறுப்பாயிருக்கும் மீன்களோடு இதற்குப் போட்டி இல்லாமைக்கு இவ்வழக்கமும் ஒரு காரணம். ஆண் மீன் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும். அக்காலத்தில் அது உணவு கொள்வதில்லை. குஞ்சுகள் உருவில் சிறிய பெரிய மீன்களாகவே வெளிவருகின்றன. மற்ற கடல் மீன்களின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து தொலைவிடங்களுக்குப் பரவும். இவை அவ்வாறு பரவுவதில்லை. ஆதலின் பிடித்தெடுக்கப்பட்ட இடத்தில் இவ்வினம் மீண்டும் பெருகுவது கடினம். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2007 ஆம் ஆண்டில் இதனை அழிவை நோக்கும் இனமாக அறிவித்தது. ஆகவே குஞ்சுப்பண்ணையில் பிறந்த மீன்களை மட்டுமே வாங்குதல் வேண்டும். இரண்டு ஆண்கள் சேர்ந்தால் ஒன்று மற்றதைக் கொல்லக்கூடும். இணையென உறுதியாகத் தெரியாவிடில் ஒன்றே போதும்.

ஐந்தாவதும் ஆறாவதும், கோமாளி மீன் இணை. 2003 ஆம் ஆண்டில் வந்த திரைப்படம் ஒன்றின் வழியே குழந்தைகள் "நிமோ" என்று அறிந்திருக்கும் ஆம்பிபிரையான் ஆசெல்லாரிஸ் இனம் தொட்டிக்கு ஏற்றது. கோமாளி மீன்கள் யாவும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாக மாறுகிறது. அதற்கு அடுத்தது இனப்பெருக்கம் செய்யும் ஆணாகிறது. மற்றவை வளர்ச்சி அடங்கிய நிலையில் இருக்கின்றன. பெண் இறந்தால் அந்த ஆண் பெண்ணாக மாறும். இதிலிருந்து தொட்டிக்குரிய விதி எளிதில் விளங்கும். இளம் மீன்கள் இரண்டை ஒருங்கே விட்டால், ஒன்று பெரிதாகிப் பெண்ணாகி, இணை தானே அமையும். வளர்ந்த பெண் மீன்கள் இரண்டைச் சேர்த்தாலோ ஒன்று எஞ்சும்வரை போராடும். கோமாளி மீன்களின் வெவ்வேறு இனங்களையும் கலந்து வைத்தல் கூடாது.

கோமாளி மீனுக்குக் கடற்சாமந்தி இன்றியமையாதது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. கடலில் அது உண்மை. பகைவரிடமிருந்து மீனைக் காப்பது கடற்சாமந்தியின் கொட்டும் உணர்கொம்புகளே. பகைவரற்ற தொட்டியில் அது தேவையில்லை. கடற்சாமந்தி மிகுந்த ஒளியும் முதிர்ந்த தொட்டியும் வேண்டுவது. புதிதாகத் தொடங்குவோரிடம் அது பிழைப்பது அரிது.

இந்த ஆறு மீன்களையும் ஒருங்கே நோக்கினால், மணல், பாறை, நிழல், மேல்நீர் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் இருப்பது புலனாகும். தெருவில் தச்சருக்கும் தையற்காரருக்கும் போட்டி இல்லாதது போன்றதே இவ்வமைதி.

தவிர்க்க வேண்டியவை

டாம்சல் மீன்களே தொடக்கத்தில் செய்யப்படும் முதற் பிழை. இவை விலை மலிவானவை. குறையுள்ள நீரையும் தாங்குபவை. இளமையில் கண்ணைக் கவருபவை. ஆகவே கடைக்காரர் முதல் மீனாக இவற்றையே தருவர். கருமேனியில் மூன்று வெண்புள்ளிகள் கொண்ட வகை, சில மாதங்களில் வளர்ந்து தொட்டி முழுவதையும் தன் எல்லையாக்கிக்கொள்ளும். பின்னர் விடப்படும் ஒவ்வொரு மீனும் அதற்கு இரையாகும்.

கிளாத்தி மீன்கள் வலிய பற்களால் ஓட்டையும் இறாலையும் நொறுக்கும். களவாக் குஞ்சும் சிங்க மீனும் வாய்க்கு அடங்கும் யாவற்றையும் விழுங்கும். வண்ணாத்தி மீன்களுள் பல, உயிருள்ள பவளத்தையே உண்பவை. வேறு உணவைத் தீண்டாது பட்டினியால் மடியும். மாண்டரின் மீன் பாறையில் ஊரும் நுண்ணிய ஓட்டுயிர்களை நாள் முழுவதும் கொத்தித் தின்பது. புதிய சிறு தொட்டியில் அவை விரைவில் தீர்ந்துவிடும். பெரிய மீன்களின் உடலில் உள்ள ஒட்டுண்ணிகளைத் தின்னும் துப்புரவு மீனுக்கு, ஆறு மீன்கள் உள்ள தொட்டியில் தொழிலே இல்லை. இவற்றுள் பல பிறரைத் தாக்குவன அல்ல. எனினும் தொட்டியால் இவற்றைக் காப்பாற்ற இயலாது. ஒத்து வாழ்தல் என்பதில் மீன் தொட்டியோடு ஒத்துவருவதும் அடங்கும்.

விடும் முறை

தொட்டியை நிரப்பியவுடன் மீன் விடலாகாது. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா நஞ்சு. நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்நுண்ணுயிர்கள் பாறையிலும் மணலிலும் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே இல்லையென்று சோதனையில் தெரிந்த பின்னரே முதல் மீனை விடுதல் வேண்டும்.

சாதுவான மீன் முதலில், வலிய மீன் இறுதியில் என்பது விதி. மேற்காட்டிய தொகுதியில் உளுவையும் இறாலும் முதலில். அடுத்துக் கார்டினல் மீன்கள். பின்னர் பாசி தின்னும் மீன். கோமாளி இணை கடைசியில். ஒவ்வொன்றுக்கும் இடையே மூன்று வாரமாவது செல்லவேண்டும். வாங்கிய மீனை நான்கு வாரங்கள் தனித் தொட்டியில் வைத்து, வெண்புள்ளி நோய் இல்லையென்று கண்டபின் சேர்ப்பது நலம். புதிய மீனை விடும் நாளில் பாறைகள் சிலவற்றை இடம் மாற்றி வைத்தால் பழைய எல்லைகள் கலைந்துபோகும். யாவும் புதிதாக இடம் தேட நேர்வதால் தாக்குதல் குறையும். உணவை இரண்டு மூலைகளில் ஒரே வேளையில் இட்டால், வலிய மீன் இரண்டையும் காக்க இயலாது.

துடுப்பு கிழிதல், மேல் மூலையில் ஒதுங்கி நிற்றல், நிறம் வெளுத்தல், உணவுக்கு வராமை ஆகியவை துன்புறும் மீனின் அறிகுறிகள். அப்போது அடிபட்டதை அகற்றுவது பலருடைய வழக்கம். அகற்ற வேண்டியது தாக்கும் மீனையே. இல்லையேல் அது அடுத்த மீனைத் தேடும்.

மீன் எங்கிருந்து வருகிறது?

தொட்டியில் அமைதி நிலவுவது வீட்டாரின் மகிழ்ச்சிக்காக மட்டுமன்று. விற்பனைக்கு வரும் பவளப்பாறை மீன்களுள் மிகப் பெரும்பாலானவை கடலில் பிடிக்கப்பட்டவை. தவறான சேர்க்கையால் ஒரு மீன் மடிந்தால், அதன் இடத்தை நிரப்ப மற்றொரு மீன் பாறையிலிருந்து எடுக்கப்படுகிறது. தென்கிழக்காசியாவின் சில பகுதிகளில் மீன்களை மயக்கிப் பிடிக்கச் சயனைடு நஞ்சு பயன்படுத்தப்பட்டு வந்துள்ளது. அது பவளத்தையும் கொல்லும்.

நம் நாட்டில் நல்ல மாற்று உண்டு. மத்தியக் கடல்மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம், விழிஞ்ஞம் கிளைகளிலும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயர் ஆய்வு மையத்திலும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறைகள் உருவாக்கப்பட்டன. பண்ணையில் பிறந்த மீன் தொட்டி வாழ்க்கைக்கும் இடப்படும் உணவுக்கும் பழகியது. நோயும் அச்சமும் அதற்குக் குறைவு. சற்று விலை கூடினாலும் அதுவே இலாபம்.

பவளத்தைப் பொறுத்தவரை சட்டம் தெளிவானது. பாறை அமைக்கும் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி, கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவை 2001 ஆம் ஆண்டில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் சேர்க்கப்பட்டன. 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னும் அப்பாதுகாப்பு தொடர்கிறது. நம் கடலிலிருந்து எடுத்த பவளம், உயிருள்ளதாயினும் உலர்ந்ததாயினும், அதனை வாங்குவதும் விற்பதும் குற்றமாகும். இக்கட்டுப்பாட்டின் தேவையை மன்னார் வளைகுடாவே உணர்த்தும். அங்குள்ள 21 தீவுகளைக் கொண்டு 1986 ஆம் ஆண்டில் கடல் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளம் வெட்டியெடுக்கப்பட்டதால் அரண் இழந்து, பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. ஆகவே தொட்டிக்குரிய பாறை, சுட்ட களிமண்ணாலோ வார்க்கப்பட்ட சிமெண்டாலோ ஆனதாக இருக்கட்டும். சிமெண்டுப் பாறையைச் சில வாரங்கள் நன்னீரில் ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்றிக் காரத்தன்மையைப் போக்கியபின் பயன்படுத்தலாம். நுண்ணுயிர்களுக்கும் மீன்களுக்கும் தேவையானவை துளையும் பொந்துமே. அவற்றை இப்பாறைகளும் தரும்.

ஆசிரியர்களுக்கு

பள்ளித் தொட்டியில் ஒரு குறிப்பேடு வைத்தல் நல்லது. தொட்டியின் படத்தை வரைந்து, ஒவ்வொரு மீனும் காலை, நண்பகல், மாலை ஆகிய வேளைகளில் எங்கே காணப்படுகிறது என்று மாணவர்கள் ஒரு மாதம் குறித்துவரட்டும். புள்ளிகள் சேரச் சேர, ஒவ்வொரு மீனின் எல்லையும் தாளில் தானே தோன்றும். புதிய மீன் ஒன்றை விட்டபின் மீண்டும் ஒரு மாதம் குறித்து இரண்டு படங்களையும் ஒப்பிடலாம்.

களப் பணியாளர்களிடம் யோசனை கேட்டு வருவோர் பெரும்பாலும் "இன்னும் எத்தனை மீன் விடலாம்?" என்றே வினவுவர். "அந்த மீனுக்கு உங்கள் தொட்டியில் வாழ இடம் எது? உண்ண உணவு எது? அவ்விடத்தில் இப்போது யார் இருக்கிறார்?" என்னும் மூன்று கேள்விகளை அவர்களிடம் திருப்பிக் கேட்டல் வேண்டும். மூன்றிற்கும் விடை கிடைத்தாலன்றிப் புதிய மீனை வாங்காதிருப்பதே முறை.